பழைய காரில் லைட் கோளாறா? மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள்

வயதான காரில் ஒரு லைட் எரியவில்லை என்றால் முதலில் பல்ப் மாறும். அப்புறம் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் சுவிட்ச். எல்லாம் மாறிய பிறகு பார்த்தால், எர்த் போல்ட்டுக்கு (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரை கார் பாடியோடு இணைக்கும் போல்ட்) அடியில் துரு பிடித்துக் கிடக்கும்.

பல்பைச் சந்தேகப்படுவது தவறில்லை. பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. இழை முழுதாகத் தெரிந்தாலும் அடிப்பகுதியில் விட்டுப்போயிருக்கலாம். எதிர்ப்பக்கத்து பல்பைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஹாலஜன் பல்பாக இருந்தால் கண்ணாடியில் விரல் படவேண்டாம். ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும்.

பலரையும் ஏமாற்றும் தவறு இதற்கு அடுத்ததுதான். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர்) வைப்பார்கள். 12.6 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருகிறது, ஒயரிங் சரி’ என்று முடிவு செய்துவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட அதற்குப் போதும். ஹெட்லைட்டின் 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் ஒயரின் உண்மை நிலை தெரியும்.

கன்டினியூட்டி, அதாவது ஒயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். வழியில் எங்கோ அரை ஓம் தடை இருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்று சத்தம் போடும். அந்த அரை ஓம், லோ பீமில் சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பல்புக்கு 2 வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளிச்சம் மங்கல் என்று கூடுதல் வாட் பல்ப் போடுவது இன்னும் மோசம். ஏற்கெனவே சூடாகிற ஹோல்டர் உருக ஆரம்பிக்கும்.

ஆகவே பல்ப் ஹோல்டரில் இருக்க, சுவிட்ச் போட்ட நிலையில்தான் சோதிக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், பாடியில் வேண்டாம். சிவப்பு முனையை, கப்ளரின் (ஒயர்கள் வந்து சேரும் பிளக்) பின்பக்கமாக, பல்பின் எர்த் ஒயரைத் தொடுமாறு நுழையுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் எர்த் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் சுத்தம் செய்யவேண்டும். 1 வோல்ட் காட்டினால் கோளாறைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்புக்கு கரண்ட் கொண்டுவரும் ஃபீட் ஒயருக்கு இதேபோல் பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஃபியூஸ் கால், ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பல பழைய ஜப்பானிய கார்களில் ஹெட்லைட்டுக்கு பாசிட்டிவ் நேரடியாக வந்து நிற்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதில் லைட் அணைந்திருக்கும்போது எர்த் காலிலும் 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று ஒயரைப் பிரித்தவர்கள் உண்டு. வயரிங் படத்தை முதலில் பாருங்கள்.

பின்னால் உள்ள லைட்டுகளில் எர்த் போனால் விசித்திரமாக நடக்கும். பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து லைட்டும் சேர்ந்து மினுங்கும். எர்த் கிடைக்காத கரண்ட் இன்னொரு இழை வழியாக வெளியேறப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதற்கு சுவிட்சை மாற்றிப் பயனில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள்.

இதே அறிகுறி வேறொரு காரணத்தாலும் வரும். பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்ந்த 21/5 வாட் பல்பின் இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அந்த இடத்தில் ஒற்றை இழை பல்பை அழுத்தித் திருகி உட்கார வைத்துவிடுவார்கள். அது இரண்டு சர்க்யூட்டையும் சேர்த்துவிடும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் அதை மினுக்க வைக்கும் ஃபிளாஷர் ரிலேயை மாற்றாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் எரியவில்லை என்றுதான் அது சொல்கிறது. ரிலே கெட்டால் இரண்டு பக்கமும் பாதிக்கும். ஹசார்ட் வேலை செய்து இண்டிகேட்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ஹசார்ட் சுவிட்சைப் பதினைந்து இருபது தடவை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பல கார்களில் இண்டிகேட்டர் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது, உள்ளே அழுக்கேறியிருக்கும்.

ஃபியூஸ் மறுபடி மறுபடி போகிறதென்று சிவப்பு 10 ஆம்பியருக்குப் பதில் மஞ்சள் 20 ஆம்பியர் போடுவதைப் போல் ஆபத்து வேறில்லை. அப்புறம் ஃபியூஸின் வேலையை ஒயர் செய்யும், டேஷ்போர்டுக்குள் எரிந்து. ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர் கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்ப் மங்குகிறதோ, அங்கேதான் உரசல்.

டிக்கி கதவு கீலருகே உள்ள ரப்பர் குழாயை மறந்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான தடவை மடங்கி விரிந்த ஒயர் அங்கேதான் அறும். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இருக்காது. ஒவ்வொன்றாக மெல்ல இழுங்கள். ரப்பர் போல் நீண்டால் அதுதான். முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அறும். மடங்காத இடம்வரை புது ஒயர் போட்டு, ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

பல்ப் அடிக்கடி போகிறது என்றால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட்டைப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இயல்பு. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள், வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். மஞ்சள் உறைக்குள் போகும் ஏர்பேக் ஒயர்களில் மட்டும் டெஸ்ட் லேம்ப்பையோ மீட்டரையோ வைக்கவே வைக்காதீர்கள்.