கம்பத்து எண்ணோடு வாருங்கள்

"அக்கா, எங்க தெருவுல லைட் எரியல." 2022 பிப்ரவரியில் நீங்கள் ஓட்டுப் போட்டு என்னை நகர்மன்றத்துக்கு அனுப்பியதிலிருந்து போனில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். முதல் ஒரு வருடம், கேட்டதும் ஒயர்மேனுக்கு போன் போடுவேன். "பார்த்துடுறேன் மேடம்" என்பார். மறுநாள் சொன்னபடி வரவும் செய்வார். ஆனால் அவர் வருவது பகலில். பகலில் எல்லா லைட்டும் அணைந்துதான் இருக்கும். எது பழுது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதை எனக்குப் புரியவைத்தது வாய்க்கால் ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண். அவளுடைய அம்மா மில்லில் இரண்டாவது ஷிப்ட். இரவு பதினொரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். ஒருநாள் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். அந்த ரோட்டில் இருக்கும் பதினொரு கம்பங்களின் எண்களும் வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே குறிப்பு: "எரிகிறது", "விட்டு விட்டு எரிகிறது", "வேப்பங்கிளை மறைக்கிறது", "எரியவில்லை". கடைசி நான்கு கம்பமும் "எரியவில்லை". கீழே தேதி, இரவு 8.15 என்று நேரம்.

அந்தத் தாளைப் பார்த்ததும்தான் இது ஒரு வேலை இல்லை, மூன்று வேலை என்று தெரிந்தது. விட்டு விட்டு எரிவது லைட் கோளாறு, அது நகராட்சி வேலை. கிளை மின்கம்பியை உரசிக்கொண்டிருந்தது, அதை வெட்ட ஈபி ஆட்கள் வந்து லைனை நிறுத்த வேண்டும். தொடர்ந்து நான்கு கம்பம் இருண்டு கிடந்தால் நான்கு லைட்டும் ஒரே நேரத்தில் போயிருக்காது, கேபிளையோ சுவிட்ச் பெட்டியையோ பார்க்க வேண்டும். முதல் இரண்டும் அதே வாரத்தில் முடிந்தன. கேபிளுக்கு மதிப்பீடு போட்டு, நகர்மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்து, தீர்மானம் வாங்கி, வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. கூட்டத்தில் அந்தத் தாளைத்தான் கையில் வைத்துப் பேசினேன். "வார்டு முழுக்க இருட்டு" என்று பேசியிருந்தால் ஒருவரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் ஏதாவது பயமாக இருந்தால், இருட்டிய பிறகு இரண்டு பேராக ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும். கம்பத்தில் எண் அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்ணை எழுதுங்கள். மூடி இல்லாத சாக்கடையா? எத்தனை அடி நீளம், யார் வீட்டு வாசலிலிருந்து யார் வீட்டு வாசல் வரை என்று எழுதுங்கள். போட்டோ எடுத்தால் கம்பத்து எண்ணோ, கதவு எண்ணோ, ஏதாவது ஓர் அடையாளம் படத்தில் தெரிய வேண்டும். குழியை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்த படம் எந்த ஊர்க் குழி என்று யாருக்கும் தெரியாது.

மனு எழுதும்போது ஒரு மனுவுக்கு ஒரே விஷயம். லைட், குப்பை, கொசு, குடிநீர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் ஒரு மேசையிலேயே தங்கிவிடும். நீளமாகவும் வேண்டாம். "இன்ன தெருவில், இந்த எண் உள்ள கம்பங்களில், இந்தத் தேதியிலிருந்து விளக்கு எரியவில்லை. சரிசெய்து தரவும்." இது போதும். ஆணையர் பெயருக்கு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாமல் மட்டும் திரும்பி வராதீர்கள். அந்தப் பிரதியை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நேரில் போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மைய எண் 1100-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. கம்பி அறுந்து கிடந்தால், கம்பத்தில் பொறி பறந்தால், யாரையும் கிட்டப் போக விடாமல் தள்ளி நின்றபடி 94987 94987-க்கு அழையுங்கள். அது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண். போன மழையில் ஒரு தம்பி, கம்பி தண்ணீரில் கிடப்பதாக எனக்கு போன் செய்துவிட்டு நான் வரும்வரை காத்திருந்தார். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை. நான் வந்து செய்யப்போவதும் அதே எண்ணுக்கு அழைப்பதைத்தான். அடிதடி, திருட்டு, விபத்து எதுவானாலும் 112. ஆம்புலன்ஸ் 108. குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098, பெண்களுக்கு 181. பணம் ஆன்லைனில் பறிபோனால் 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும். இவற்றை முதலில் அழைத்துவிட்டு அப்புறம் என்னை அழையுங்கள். நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

நாய்த் தொல்லை பற்றியும் நிறைய பேர் கேட்கிறீர்கள். தெருநாய்கள் பற்றிய மத்திய அரசின் 2023 விதிகளின்படி நகராட்சி செய்வது கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான். அதற்கும் எந்தத் தெருவில் எத்தனை நாய் என்ற கணக்கு வேண்டும். கடி பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

தெரு வாட்ஸ்அப் குழு பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தெரியாத ஆள் ஒருவர் தெருவில் நின்றால் அவர் படத்தைப் போட்டு "பிள்ளை பிடிக்கிறவன், உஷார்" என்று பரப்பாதீர்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு வயதான அம்மாவை இப்படி ஒரு வதந்தியை நம்பி அடித்தே கொன்றுவிட்டார்கள். அவர் செய்தது குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது மட்டும்தான். சந்தேகம் வந்தால் 112-க்குச் சொல்லுங்கள், குழுவில் போடாதீர்கள்.

இனி பகுதி சபை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாகக் கூடியது. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. நம் கூட்டங்களில் நான் கவனித்தது, பேசுகிறவர்கள் எப்போதும் அதே ஏழெட்டு ஆண்கள். இருட்டில் நடந்து வருகிற பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் என்னிடம் தனியாக வந்து சொல்கிறார்கள். தனியாகச் சொன்னது பதிவேட்டில் ஏறாது அம்மா. எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள், நான் உங்கள் பெயரோடு வாசிக்கிறேன். பதிவேட்டில் எழுதியதைக் கூட்டம் முடிவதற்குள் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மனு கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டத்தில் காரணம் கேட்க முடியாது, கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். "என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல் வேண்டும்" என்று கேளுங்கள். என் வார்டைப் பற்றியே கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த பகுதி சபைக்குள் சாக்கடை மேல் உடைந்த பலகைகளை எண்ணி முடிக்க நினைக்கிறேன், மழைக்கு முன்னால் தீர்மானம் போட வேண்டும். மூன்று தெருவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவுக்கு இன்னும் யாரும் பெயர் தரவில்லை.