துப்பாக்கி விவாதத்துக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி மேடையில் பேசப்போகும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'எந்தச் சட்டம்?' என்பதுதான். ஆதரவா, எதிர்ப்பா என்பதெல்லாம் பிறகு. வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது ஒன்று, வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வது வேறு, தெருவில் எடுத்துச் செல்வது இன்னொன்று. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சொற்கள். இதில் நான் மூக்குடைபட்டவன். என் முதல் மேடையில் 'செமி ஆட்டோமேட்டிக்' என்றாலே இயந்திரத் துப்பாக்கி என்று நினைத்து முழங்கிவிட்டேன். எதிரணிப் பெண் எழுந்து ஆள்காட்டி விரலை ஒருமுறை மடக்கினாள்: "ஒரு குண்டு." விரித்து மறுபடி மடக்கினாள்: "இன்னொரு குண்டு." பிறகு மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு, "விடாமல் சுடுவது, நீங்கள் சொல்லும் வகை. 1986க்குப் பிறகு செய்தவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது" என்றாள். அரங்கமே சிரித்தது. அதற்குமேல் நான் பேசியது யார் காதிலும் ஏறவில்லை.

இனி அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம். 1791இல் ஏற்கப்பட்ட ஒரே ஒரு வாக்கியம். முன்பாதி குடிப்படையை, அதாவது சாதாரணக் குடிமக்களைத் திரட்டிய படையைப் பற்றியது, பின்பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றியது. ஆளுக்கொரு பாதியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். முழுவதையும் படியுங்கள். 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைத் தனிமனித உரிமை என்றது. உரிமை அணியினர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்கலியா, இந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி வையுங்கள். எந்த அணியில் இருந்தாலும் தேவைப்படும். 2022இன் புரூயென், 2024இன் ரஹிமி தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னது உரிமையை வீட்டுக்கு வெளியேயும் விரித்தது. பின்னது, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்ற சட்டத்தை 8-1 என்று காப்பாற்றியது.

எண்களில் கவனம். 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,800 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மொத்தத்தையும் கொலைக் கணக்கில் எழுதினால் எதிரணி ஒரே கேள்வியில் பிரித்துப்போடும்.

கடைசியாக, எதிர்த்தரப்பை மூன்று நிமிடம் நீங்களே பேசிப் பாருங்கள். போலீஸ் வந்துசேர அரைமணி ஆகும் இடத்தில் தனியாக வாழும் பெண்ணாக ஒருமுறை, துப்பாக்கி இருந்த மேசை இழுப்பறையை மகன் திறந்துவிட்ட வீட்டின் தாயாக ஒருமுறை. பலருக்கு இரண்டாவது நிமிடத்தில் குரலில் கிண்டல் ஏறிவிடும். அங்கேயே நிறுத்தி, முதலிலிருந்து பேசச் சொல்வேன்.