தோட்டத்துக்குக் கத்தி வாங்கப் போறீங்களா, முதல்ல என்ன இரும்புன்னு கேளுங்க

கடையில எல்லாரும் பளபளப்பைத்தான் பாக்குறோம், ஆனா வாழை இலை அறுக்க, உர மூட்டை பிரிக்க, சணல் கயிறு வெட்ட, தொட்டி மண்ணைக் கிளறன்னு ஒரே கத்திய வச்சு எல்லா வேலையும் பாக்குறவங்களுக்கு அது என்ன இரும்புங்கறதுதான் முக்கியம்.

குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல இருந்தா அதைத்தான் ஸ்டெயின்லெஸ்னு சொல்றாங்க. விலை கம்மியா வர்றதுல 420 வகை நிறைய இருக்கும், லேசுல துரு பிடிக்காது ஆனா சணலை நாலு தடவ அறுத்தா முனை மழுங்கிடும். எலுமிச்சை பறிக்க, ஈரத்துல கீரை அறுக்கன்னா இதுவே போதும்.

தினசரி வேலைக்கு என் ஓட்டு கார்பன் ஸ்டீலுக்குத்தான். 1095னு போட்டிருந்தா கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம், சாதாரண சாணைக்கல்லுல அஞ்சு நிமிஷம் தேய்ச்சா போதும் கூர் வந்துடும், ஆனா ஈரத்தோட விட்டா மறுநாளே செம்பழுப்பா நிக்கும். ரோஜாவுக்கும் மாவுக்கும் ஒட்டுக் கட்டுறவங்க இந்த மாதிரி இரும்புல ஒரு பக்கம் மட்டும் சாய்வு வச்ச கத்தியா பாத்து வாங்குங்க, வெட்டு தட்டையா விழுந்தாதான் ரெண்டு குச்சியும் இடைவெளி இல்லாம ஒட்டும்.

டி2ன்னு ஒண்ணு இப்ப ஆன்லைன்ல நிறைய வருது, கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம் பக்கம். கூர் ரொம்ப நாள் நிக்கும், உண்மைதான். ஆனா கல்லுல பட்டா விளிம்பு சில்லு சில்லா பேந்து போகும், திரும்ப சாணை பிடிக்கிறதுக்குள்ள கை வலிச்சிடும், மண்ணுக்குள்ள விடுற கத்திக்கு இது வேண்டாங்க.

மட்டை வெட்ட, கிளை கழிக்க லாரிக்கு அடியில இருக்குற வில்லுப் பட்டையில அடிச்ச அரிவாள்தான், திருப்பாச்சேத்தி பக்கம் அடிக்கிறாங்களே அந்த மாதிரி. வளைஞ்சு வளைஞ்சு பாரம் தாங்கின இரும்பு, அடிச்சாலும் லேசுல உடையாது.

வாங்கினதும் கைப்பிடி பக்கத்துல ஓரமா அரம் வச்சு லேசா தேய்ச்சுப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா இரும்பு நல்லா இறுகியிருக்கு, வெண்ணெய் மாதிரி கடிச்சா திருப்பிக் குடுத்துடுங்க. இன்னொண்ணு, தயவுசெஞ்சு கிரைண்டர் மெஷின்ல அழுத்திப் பிடிக்காதீங்க, கார்பன் ஸ்டீல் முனை நீல நிறமா மாறுச்சுன்னா சூடு 300 டிகிரி கிட்ட போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல இரும்பு இறுக்கம் போயி மென்மையாகிடும், அப்புறம் எத்தனை தடவ தீட்டினாலும் கூர் நிக்காது, அந்த நீலம் போற வரைக்கும் கல்லுல தேய்ச்சுதான் எடுக்கணும். கையாலயே தண்ணி விட்டுத் தீட்டுங்க, பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு, மரக்கிளைக்குன்னா 25. வேலை முடிஞ்சதும் பால், பிசின் எல்லாம் கழுவித் துடைச்சு ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் தடவி வைங்க.