கடலை மிட்டாய் தளம்: பார்க்க வந்தவர் வாங்கிப் போக
கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஆன்லைனில் விற்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் தளத்தை ஒரு சாதாரண மொபைலில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். படம் வர நேரமாகிறதா? சைஸைக் குறையுங்கள்.

அப்புறம், முதல் திரையிலேயே மிட்டாயின் படம், எடை, விலை, வாங்குவதற்கான பட்டன் எல்லாம் தெரிய வேண்டும். உங்கள் கடை வரலாறு கீழே இருக்கட்டும். கூரியர் கட்டணத்தை மட்டும் கடைசிப் பக்கம் வரை மறைக்கவே மறைக்காதீர்கள், 200 ரூபாய் என்று நம்பி வந்தவரிடம் பணம் கட்டும் நேரத்தில் 280 கேட்டால் அவர் பாதியிலேயே போய்விடுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

பெயர், முகவரி, போன் நம்பர் போதும். அக்கவுண்ட் தொடங்கச் சொல்லாதீர்கள். யுபிஐ அவசியம். தின்பண்டம் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தந்த எண்ணையும், எத்தனை நாள் கெடாது என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.