கலா பொலவில் படம் வைக்கப்போகிறவருக்குச் சில குறிப்புகள்

கலா பொல என்பது கொழும்பில் தெருவில் நடக்கும் ஓவியச் சந்தை. அங்கே தமிழ்ப் பெயர் போட்டுப் படம் வைத்தால், அதில் இருக்கும் சிவப்பெல்லாம் இரத்தம், வெறுங்கதிரையெல்லாம் காணாமல் போனவர். பார்ப்பவர்கள் அப்படித்தான் வருவார்கள். முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எந்த ஒரு வாசிப்பு உங்களுக்குச் சகிக்காது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்து, அந்தக் கதவை அடைத்துவிடுங்கள்.

எனக்கு வெள்ளவத்தை மொட்டைமாடிகளில் காயும் உடுப்புகளை வரைகிற பழக்கம். வரிசையாக வெள்ளை வேட்டிகள். சிங்களவர் பலருக்கு அது போயா என்கிற பௌர்ணமி நாளில் சில் எடுத்து விரதமிருக்கும் பௌத்தர்களின் வெள்ளை. நம்மாட்களுக்குச் செத்த வீட்டுத் தெருவில் கட்டும் வெள்ளைக்கொடி. சிலருக்கு நேரே 2009, போரின் கடைசி நாட்களில் சரணடையத் தூக்கிய வெள்ளைக்கொடி. போயா எனக்குப் பிடித்த வாசிப்பு, இருக்கட்டும். சாவு மட்டும் வேண்டாம். அவை அப்பாவின் வேட்டிகள், மனுசன் நல்ல சுகமாக இருக்கிறார். ஆகவே உடுப்புக் காயும் கயிற்றில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கிளிப்புகளும், நடுவில் ஒரு கட்டம்போட்ட சாரமும் வரைந்தேன். செத்த வீட்டுக்கு யாரும் சாரம் கட்டித் தொங்கவிடுவதில்லை. முதலில் படத்துக்குள்ளேயே அடைக்கப் பாருங்கள். லேபல் அதற்குப் பிறகுதான்.

லேபலில் என்ன, எங்கே, எப்போது என்பது போதும். 'அப்பாவின் வேட்டிகள், வெள்ளவத்தை, சனிக்கிழமை'. 'இருப்பின் நிழல்கள்' மாதிரித் தலைப்பு வைத்தால், அவரவர் துக்கத்தைக் கொண்டுவந்து அதில் கொட்டுவார்கள், பிறகு முறையிடாதீர்கள். மூன்று மொழியிலும் எழுதுங்கள். சிங்கள வரியைச் சிங்களத்தில் வளர்ந்த ஒருவரிடம் கொடுங்கள்.

காட்ட முன்பு, ஓவியத்தில் அக்கறையே இல்லாத ஒருவரிடம் போனில் படத்தைக் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்பார்கள், பிரயோசனமில்லை.

லயனல் வென்ட் மாதிரி உள்ளரங்கில் ஆட்கள் கிட்ட வந்து லேபலை வாசிப்பார்கள். கலா பொல 1993 முதல் நடக்கிற தெருச் சந்தை. அது நடக்கும் கிறீன் பாத் தெருவில் வெயிலும் சனமுமாக, ஐஸ்கிறீமோடு நடந்தபடியே பார்ப்பார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். நூலில் தொங்கும் லேபல் காற்றில் திரும்பிவிடும், இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். போனில் எடுப்பவர்கள் லேபலை வெட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள், அதனால் சட்டத்தின் கீழ்விளிம்பிலும் தலைப்பைச் சிறிதாக எழுதிவிடுங்கள்.

பக்கத்தில் என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள். வேட்டிகளுக்கு அருகே வள்ளம் வைத்தால் அகதிக் கதை தானாகப் பிறந்துவிடும். நான் குசினிப் படத்தை வைப்பேன்.

யாராவது பிழையாகச் சொன்னால் உடனே 'இல்லை' என்று பாயாதீர்கள். "எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். பலர் ஒரே மூலையைக் காட்டினால், அந்த மூலையில் வேலை இருக்கிறது. கோபத்தோடு வருபவரிடம் வாதம் வேண்டாம். லேபலைக் காட்டிவிட்டு அடுத்தவரோடு கதையுங்கள்.

தன் கதையை நம்பி ஒருவர் வாங்க வந்தால், காசு வாங்க முன்பே உங்கள் கதையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கேட்டால், சரி, கொடுங்கள். லேபலின் ஒரு பிரதியைப் படத்தின் பின்பக்கம் ஒட்டி, ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். அவர் வீட்டு ஹோலில் விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்.