சுவாஹிலியில் வணக்கம் சொல்ல: முதலில் எதிரில் நிற்பவரின் வயதைப் பாருங்கள்

சுவாஹிலி பேசும் தான்சானியாவில், தார் எஸ் ஸலாம் நகரில் நான் குடியிருந்த வீட்டுப் பாட்டியிடம் முதல் நாள் காலையில் உற்சாகமாக "மாம்போ!" என்றேன். பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார், பதில் இல்லை. பேரன்தான் பக்கத்தில் வந்து "ஷிக்கமோஓ சொல்லுங்க" என்று கிசுகிசுத்தான். சொன்னேன். "மரஹாபா" என்று முகம் மலர்ந்தார். "மாம்போ" என்பது நம் ஊரில் சேக்காளியிடம் "என்னப்பா, எப்படி?" என்பது மாதிரி. அதைப் போய் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

படி 1: மூத்தவரா?

அப்படியானால் ஷிக்கமோஓ. கடைசி ஓகாரத்தை இழுங்கள். 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்ற பொருளில் பிறந்த சொல் என்பார்கள். பதில் எப்போதும் மரஹாபாதான். ஷிக்கமோஓவுக்கு ஷிக்கமோஓ என்று திருப்பிச் சொல்லக்கூடாது. தெருப்பிள்ளைகள் உங்களுக்கே சொல்வார்கள். கூச்சப்படாமல் மரஹாபா சொல்லுங்கள்.

கூடவே உறவுமுறை சேர்த்தால் இன்னும் நல்லது. பாபு என்றால் தாத்தா, பீபி என்றால் பாட்டி. மாமா என்றால் அம்மா! இதில் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். காக்கா என்றால் அண்ணன், தம்பி. அண்ணனைக் காக்கா என்றே கூப்பிடும் காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

தான்சானியாவில் இந்த மரியாதை கறார். பக்கத்துக் கென்யாவின் நைரோபியில் அவ்வளவாகக் கேட்காது.

படி 2: சம வயதா?

"ஹுஜாம்போ?" என்று கேளுங்கள். 'குறை ஒன்றும் இல்லையே?' என்று அர்த்தம். பதில் "ஸிஜாம்போ". வெறும் "ஜாம்போ" சுற்றுலாக்காரர்களுக்கென்றே வைத்திருக்கும் சொல். அதைச் சொன்னால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்பது என் சந்தேகம். இளவட்டங்களிடம் "மாம்போ?" கேட்கலாம், பதில் "போஆ".

படி 3: ஒரு கேள்வியோடு நிறுத்தாதீர்கள்

இதுதான் முக்கியம். ஹபாரி என்றால் சேதி. "ஹபாரி ஸா அசுபூஹி?" (காலை எப்படி?), "ஹபாரி ஸா காஸி?" (வேலை?), "ஹபாரி ஸா நியும்பானி?" (வீட்டில்?) என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் "ன்ஸூரி", அல்லது "ஸலாமா". காய்ச்சலில் படுத்திருந்தாலும் முதலில் ன்ஸூரி, பிறகுதான் காய்ச்சல். நேரே "தக்காளி என்ன விலை?" என்று ஆரம்பித்தால் காரியாக்கூ சந்தையில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஸா, காஸி, ன்ஸூரி இவற்றில் வரும் 'ஸ' வண்டு ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும் (ஸலாமாவின் 'ஸ' சாதாரண 'ஸ'தான்). தமிழில் அதற்கு எழுத்தில்லை. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில்: ஹ-பா-ரி.

படி 4: 'நீங்க' பழக்கத்தை விடுங்கள்

கரீபு (வாங்க), அஸான்ட்டே (நன்றி) இரண்டோடும் 'னி' சேர்த்தால் பன்மை: கரீபுனி, அஸான்ட்டேனி. நமக்கு உடனே கை பரபரக்கும், பெரியவர் ஒருவருக்கும் 'னி' போட்டுவிடுவோம். வேண்டாம். 'னி' தலையை எண்ணுவது, மரியாதைக்கு அல்ல.

படி 5: வாசலில்

கதவைத் தட்டாமல் "ஹோடி!" என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து "கரீபு" வந்த பிறகுதான் செருப்பைக் கழற்ற வேண்டும்.

படி 6: விடைபெற

சட்டென்று எழுந்துவிடாதீர்கள். "ஹாயா..." என்று இழுத்தால் 'சரி, கிளம்பறேன்' என்று புரிந்துகொள்வார்கள். ஒருவருக்கு "க்வஹேரி", பலருக்கு "க்வஹேரீனி". எனக்குப் பிடித்தது "துத்தாஓனானா", 'பார்ப்போம்' என்பது. நம் 'போயிட்டு வரேன்' மாதிரி திரும்பி வருவதும் அதில் இருக்கிறது. ராத்திரியானால் "லாலா ஸலாமா", ஊருக்குக் கிளம்புபவருக்கு "ஸஃபாரி ன்ஜேமா".

வாசல் வரை வந்தபின் இன்னொன்று பாக்கி. "வஸலிமீயே நியும்பானி" என்பார்கள், 'வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு' என்று. அதற்குப் பதில் "ஸிமெஃபீக்கா": வந்து சேர்ந்துவிட்டன. நீங்கள் இன்னும் அவர்கள் வாசற்படியில்தான் நிற்கிறீர்கள், விசாரிப்பு மட்டும் அதற்குள் உங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.