வாய் துர்நாற்றம்: பல் காரையை விட்டுவிட்டு மவுத்வாஷ் வாங்காதீர்கள்

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்த அதே தவறுகளை இப்போது என் கிளினிக்குக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். இரவில் பல் தேய்க்க வேண்டும், சிகரெட், பான்பராக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வயிற்றுக்கு மாத்திரை போடுவது

"அல்சர் இருக்கு டாக்டர், அதான் வாய் நாறுது" என்பார்கள். மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை ஓடியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நாற்றம் பிறப்பது வாயில்தான். நாக்கின் பின்பகுதி, பல்லிடுக்கு, ஈறின் அடி என்று காற்று எட்டாத இடங்களில் பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்கள் வெளியாகும். அந்த அழுகிய முட்டை வாடை அதுதான்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று பயப்படுவது

ஸ்கேலிங் என்றால் பல்லில் இறுகிப் படிந்த காரையைக் கருவியால் எடுப்பது. இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பயத்தில்தான். உங்கள் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். உமிழ்நீர் அந்தப் பக்கம்தான் வந்து விழுகிறது. பிரஷ் படாமல் விட்ட அழுக்கில் உமிழ்நீரின் கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். அப்படி இறுகியதுதான் காரை; அதை எந்தப் பேஸ்ட்டாலும் எடுக்க முடியாது. அந்தச் சொரசொரப்பில் இன்னும் அழுக்கு ஒட்டும், ஈறு வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். அழுத்தினால் ஈறிலிருந்து சீழ் வரும். வாடைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஓர் அம்மா வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேதான் பேசினார். கீழ்ப்பற்களுக்குப் பின்னால் காரை ஒரே கட்டியாகப் படிந்து, ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே தெரியவில்லை. "க்ளீன் பண்ணா பல்லெல்லாம் ஆடிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க டாக்டர்." அந்த ஒரு வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறார். எக்ஸ்-ரேயில் வேரின் பாதிக்கும் கீழே எலும்பு இறங்கியிருந்தது. நான்கு முன்பற்களை எடுக்க வேண்டியதாயிற்று.

உண்மை இதுதான்: எலும்பு கரைந்த பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கும். விழப்போகும் சுவருக்கு முட்டுக்கொடுத்தது போல காரை அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். பழி ஸ்கேலிங் மேல் விழும். ஸ்கேலிங் கருவியின் முனை வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது; முறையாகச் செய்தால் எனாமல் தேயாது. சில நாள் கூச்சம் இருக்கும், காரை இருந்த இடம் வெற்றாகத் தெரியும். இரண்டும் பழகிவிடும். கரைந்த எலும்பு மட்டும் தானாக வளராது. எவ்வளவு இடைவெளியில் சுத்தம் செய்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

ரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். அழுக்கு இருப்பதே அங்கேதான்.

நாக்கின் நுனியோடு விட்டுவிடுவது

நம் ஊரில் நாக்கு வழிக்காதவர்கள் குறைவு. ஆனால் குமட்டுகிறதென்று முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்; வெள்ளைப் படிவு கனமாக இருப்பது பின்னால். மூச்சை வெளியே விட்டபடி, பின்னாலிருந்து முன்னுக்கு மெல்ல இழுத்தால் குமட்டல் குறையும்.

மவுத்வாஷே போதும் என்று இருப்பது

கொஞ்ச நேரம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்ததை டாக்டர் சொல்லாமல் வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

பல்செட்டோடு தூங்குவது

கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள்.

உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பது

சொந்த வாடைக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். கடைவாய்ப் பல்லிடுக்கில் பல் நூலை விட்டு எடுத்து, அதை மோந்து பாருங்கள். வாயெல்லாம் சுத்தமாக இருந்தும் வாடை போகவில்லையென்றால் டான்சிலையும் சைனஸையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் வறண்டே இருந்தால் தினமும் போடும் பிரஷர், அலர்ஜி மாத்திரைகளின் பெயரை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.